கண்டதும் கேட்டதும்: நாணலில் ஒரு சிறு பறவை

நேயர்களிடம் இத்திங்கள் ஒரு வேண்டுகோளுடன் வருகின்றோம். சென்ற மார்கழி இதழில் இப்பகுதியின் இறுதியில் நாம் ஒரு வரி எழுதியிருந்தோம். நகரின் கிழக்கே உள்ள மீன் ஏரிக் கரையில், 139 ஆண்டுகள் உலகத்தின் கண்ணுக்குப் படாதிருந்த பேரலகு நாணல் குருவியை நாம் கண்ணாரக் கண்டோம் என்பதே அவ்வரி. இதழைச் சேர்த்து வைத்திருப்போர் அன்புகூர்ந்து அதனை அடித்துவிடுக. அதனிடத்தில், "நாணல் குருவி இனத்துப் பறவை ஒன்றைக் கண்டோம்" என்று எழுதிக்கொள்க. அவ்வளவே மெய்.

இதழ் வெளிவந்த ஒரு வாரத்திற்குள் அன்பர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. பல்லாண்டுகளாக ஏரிக்கரைகளில் பறவைகளைக் கண்டு குறித்துவரும் பெரியவர் அவர். கடிந்து ஒரு சொல்லும் எழுதவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டிருந்தார். அலகு நீளமென்று எழுதினீர்களே, எதனோடு ஒப்பிட்டு நீளமென்றீர்கள்? குரலைக் கேட்டீர்களா? படம் ஏதேனும் எடுத்தீர்களா?

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். முதற் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. மற்றிரண்டுக்கும் விடை "இல்லை" என்பதே.

எனின், அவ்வாறு எழுதத் துணிந்தது எவ்வாறு? அதனை விளக்க வேண்டுமாயின் அப்பறவையின் வரலாற்றை முதலில் சொல்லியாக வேண்டும். கேட்போர் எவரையும் மயக்கும் வரலாறு அது. நம்மையும் மயக்கிற்று.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்னும் பெயரை நம் மக்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பர். 1885-ல் இந்திய தேசிய காங்கிரசு தோன்றுவதற்கு முன்னின்றவர். அவர் பெரிய பறவையியல் அறிஞரும் ஆவார். அரசுப் பணியின் பொருட்டு எங்குச் சென்றாலும் பறவைகளைச் சேகரித்தார். 1867-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றின் பள்ளத்தாக்கிலுள்ள இராம்பூருக்கு அருகே, பழுப்பு நிறமான சிறு பறவை ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அலகு சற்றே நீண்டிருந்தது. இது தனி இனமென்று அவர் அறிவித்தார். அதன் பின்னர் அத்தகைய பறவை ஒன்றையும் எவரும் காணவில்லை. உலகம் முழுவதற்கும் பாடம்பண்ணப்பட்ட அந்த ஒற்றை உடலே சான்றாக இருந்தது. அறிஞர் சிலர், இது தனி இனமன்று, வேறொரு குருவியின் திரிபே என்றும் கருதினர்.

2002-ல் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்டாஃபன் பென்ஷ் என்பவரும், டேவிட் பியர்சன் என்பவரும் அப்பழைய உடலின் டி.என்.ஏ. கூற்றை ஆய்ந்து, ஹியூம் சொன்னதே சரி, இது தனி இனமே என்று நிறுவினர். பறவை உண்டு என்பது தெளிவாயிற்று. எங்கே உள்ளது என்பது மட்டும் தெரியவில்லை. 2006 மார்ச் 27 அன்று தாய்லாந்து நாட்டில் பிலிப் ரவுண்ட் என்னும் ஆய்வாளர், கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் ஒன்றின் அருகே வலை கட்டிப் பறவைகளுக்கு வளையமிட்டுக்கொண்டிருந்தார். வலையில் விழுந்த ஒரு குருவியின் அலகு நீண்டும் சிறகு குறுகியும் இருப்பதைக் கண்டு ஐயுற்றார். இறகுகளைச் சுவீடனுக்கு அனுப்பினார். 139 ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்த பறவை அதுவேயென விடை வந்தது.

அதற்கடுத்த செய்திதான் நம்மை மிகவும் கவர்ந்தது. பின்னர் இங்கிலாந்தின் டிரிங் நகரத்து அருங்காட்சியகத்தில் பழைய இழுப்பறைகளைத் திறந்து பார்த்தனர். 1869-ல் இந்தியாவில் சேகரிக்கப்பட்ட மற்றொரு பேரலகுக் குருவி, வேறோர் இனத்தின் பெயர்ச்சீட்டைத் தாங்கி, அவ்வினப் பறவைகளுக்கு நடுவே கிடந்தது. இரயில்வே பார்சல் பிரிவில் எழுத்தராக இருக்கும் நமக்கு இது புதிதன்று. மூட்டை வந்து சேர்ந்திருக்கும். தவறான சீட்டு ஒட்டப்பட்டமையால் வேறொரு மூலையில் கிடக்கும். உரியவர் நாள்தோறும் வந்து "வந்ததா?" என்று கேட்டுத் திரும்பிச் செல்வார். இங்கு ஒரு பறவைக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கதி நேர்ந்தது.

பின்னர் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானத்தின் வடகிழக்குக் கோடியிலுள்ள வாகான் மலைப் பள்ளத்தாக்கில் இப்பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடமும் தெரியவந்தது. 2007-ல் நம் கொல்கத்தாவுக்குத் தெற்கே நரேந்திரபூரில் படமெடுக்கப்பட்ட ஒரு பறவையும் இவ்வினமே எனக் கருதப்பட்டது. அதைப் படித்த நாள்முதல் நமக்கு உறக்கமில்லை. நரேந்திரபூரில் வந்தது நம் ஏரிக்கரைக்கு வாராதா என்னும் ஆசை உள்ளத்தில் குடிபுகுந்தது. ஆசை குடிபுகுந்த கண் தான் காண விரும்புவதையே காணும்.

இனி, இப்பறவைகளை இனங்காணுதல் எத்துணை அரிது என்பதைச் சொல்லுவோம். நம் இல்லத்துப் பிள்ளைகள் மைனாவையும் மீன்கொத்தியையும் எளிதில் அறிவர். நிறமே பெயரைச் சொல்லிவிடும். நாணல் குருவிகளோ அவ்வாறல்ல. மேலே மங்கிய பழுப்பு, கீழே அழுக்கேறிய வெண்மை, கண்ணுக்கு மேலே மெல்லிய வெளிர்கோடு. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். ஓரிடத்தில் அமைதியாக அமர்வதும் இல்லை. நாணலின் அடியில் புகுந்து, தண்டுக்குத் தண்டு தாவிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். அரை நொடி தலையை நீட்டும், மறையும். தமிழில் கதிர்க்குருவி என்று பொதுப்பெயரிட்டு வழங்குவதும், வங்காள மொழியில் நோல்புட்கி என்று அழைப்பதும் இக்கூட்டத்தையே. நோல் என்பது நாணல்.

குளிர்காலத்தில் நம் ஏரிக்கரைகளில் இவ்வினத்தார் சிலரைக் காணலாம். அவர்களைப் பிரித்தறிய நாம் கற்றுக்கொண்ட வழிகள் இவை.

முதலாவது பருமன். உரத்த குரலுடைய பெரிய நாணல் குருவி ஏறத்தாழ ஒரு கொண்டைக்குருவியின் நீளமிருக்கும். மற்றவை சிட்டுக்குருவியைக் காட்டிலும் சற்றே சிறியவை, மெலிந்தவை. ஆகவே பெரியதைப் பிரிப்பது எளிது. அது நாணலுக்குள்ளிருந்து கரகரத்த குரலில் ஓயாது இரைச்சலிடுவதாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது கண்ணுக்கு மேலுள்ள கோடு. வயல் கதிர்க்குருவி என்பதற்கு இக்கோடு அகன்று தெளிவாகக் கண்ணைக் கடந்து பின்னும் நீளும். அக்கோட்டின் மேல்விளிம்பில் கருமையும் தெரியும். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த ஜெர்டன் என்பார் 1845-ல் உலகுக்கு அறிவித்த பறவை அது. பிளைத் நாணல் குருவிக்கோ அக்கோடு அலகுக்கும் கண்ணுக்கும் இடையேதான் தெளிவாயிருக்கும். கண்ணுக்குப் பின் மங்கிவிடும்.

மூன்றாவது சிறகு. பறவை சிறகை மடக்கியிருக்கும்போது சிறகின் நுனி எவ்வளவு தூரம் பின்னே நீண்டிருக்கின்றது என்று நோக்க வேண்டும். நீண்ட நுனியுடைய இனங்களும் உண்டு. குறுகிய நுனியுடையனவும் உண்டு. பிளைத் குருவிக்கு நுனி குறுகியது.

நான்காவது இடம். நாணல் குருவி என்று பெயர் பெற்றிருப்பினும் பிளைத் குருவி நாணலைக் காட்டிலும் புதரையும் வேலியையும் மரத்தையும் விரும்புவது. அதன் அறிவியற் பெயரின் பிற்பகுதிக்கே புதர்களுக்குரியது என்றுதான் பொருள்.

ஐந்தாவது குரல். புதருக்குள்ளிருந்து "செக், செக்" என்று, இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போலக் கேட்டால் அது பெரும்பாலும் பிளைத் குருவியே. காண்பதற்கு முன் கேட்டறியப்படும் பறவை அது.

பேரலகுக் குருவி இவற்றுள் எங்கே நிற்கின்றது? அதுவும் பிளைத் குருவியைப் போலவே குறுகிய சிறகு நுனி உடையது. குரலும் நெருங்கியது. அலகு சற்று நீளம், நகம் சற்று நீளம், வால் இறகுகள் சற்றுக் கூரியவை. இந்தச் "சற்று" என்பதைக் கையில் பிடித்து, அளவுகோல் வைத்து அளந்து, இறகைச் சோதித்த பின்னரே அறிஞர் துணிகின்றனர். நாமோ பனிமூட்டமுள்ள காலையில், முப்பது அடி தொலைவில், இரவல் பைனாகுலரில், மூன்று நொடி பார்த்துவிட்டுத் துணிந்தோம்.

இவ்வளவும் அறியாமையால் நேர்ந்த பிழையென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆயினும் நேயர்களிடம் மறைக்கலாகாத ஒன்று எஞ்சியிருக்கின்றது.

அன்று நம்முடன் நம் மகளும் வந்திருந்தாள். வயது பன்னிரண்டு. பறவைகளைக் குறிப்பதற்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றாள். அஞ்சலட்டை வந்த அன்று மாலை அதனை எடுத்துப் பார்த்தோம். அந்த நாளின் பக்கத்தில், அவள் கையெழுத்தில் இவ்வாறிருந்தது: "நாணல் குருவி வகை. எது என்று தெரியவில்லை. செக் என்று ஒரு முறை கூப்பிட்டது." அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, பெரிய எழுத்தில், நம் கையால் எழுதிய பெயர்: பேரலகு நாணல் குருவி.

அதைச் செய்தது நினைவுக்கு வந்தது. அன்றிரவு அவள் எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "தெரியவில்லை என்றெல்லாம் எழுதலாமா? அப்பா சொல்கிறேனே!" என்று பேனாவை வாங்கி அடித்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சான்று கேட்டு அஞ்சலட்டை எழுதிய பெரியவரின் இரண்டாம் கேள்விக்கு நாம் "இல்லை" என்று விடை வைத்திருந்தோம். குரலைக் கேட்ட ஒருத்தி நம் வீட்டிலேயே இருந்திருக்கின்றாள். கேட்டதை எழுதியும் வைத்திருக்கின்றாள். அதனை அடித்தது நாம்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கப் படும் பாட்டை நேயர்கள் அறிவார்கள். அவ்வெழுத்தில் ஒரு குழந்தை தான் கண்ட மெய்யை எழுதிவைக்க, தந்தை அதன்மேல் பொய்யை எழுதினால், கற்பித்த எழுத்தால் என்ன பயன்? அன்று இரவு நமக்கு உணவு செல்லவில்லை.

மறு ஞாயிறன்று மகளை அழைத்துக்கொண்டு மீண்டும் அதே கரைக்குச் சென்றோம். பெரியவரும் உடன் வர இசைந்தார். இம்முறை பேசாமல் அமர்ந்திருந்தோம். ஏழு மணியளவில் கரையோரப் புதரில் "செக்" என்னும் ஒலி கேட்டது. சிறிது நேரத்தில் ஒரு பழுப்புக் குருவி வெளிவந்து, வாலைச் சிறிது தூக்கிக் கிளையில் நின்றது. கோடு கண்ணைத் தாண்டவில்லை. சிறகு நுனி குறுகியிருந்தது. பெரியவர் கைப்பேசியில் அதன் குரலைப் பதிவுசெய்துகொண்டு, "பிளைத் குருவி" என்றார்.

எட்வர்ட் பிளைத் நம் கொல்கத்தாவுக்கு அந்நியரல்லர். 1841 முதல் 1862 வரை இங்குள்ள ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் காத்தவர். குறைந்த ஊதியத்தில், தாமே முயன்று கற்று, பெருந்தொண்டு புரிந்தவர். இக்குருவியை அவர் 1849-ல் உலகுக்கு அறிவித்தார். பத்துப் பன்னிரண்டு கிராம் எடை கொண்ட இவ்வுயிர் பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள வடநாடுகளில் பிறந்து, ஆவணி புரட்டாசியில் நம் நாட்டுக்கு வந்து, சித்திரையில் திரும்புகின்றது. கொல்கத்தாவில் மட்டுமன்று, நம் சொந்த ஊர்களின் வேலிகளிலும் இலங்கையிலும் குளிர்காலம் முழுவதும் இதன் "செக்" ஒலியைக் கேட்கலாம். பொங்கலுக்கு ஊர் செல்வோர் கொல்லைப்புறத்தில் காது கொடுத்துப் பார்க்க. அரிய பறவையைத் தேடிய நாம், ஊரிலிருந்தே நம் செவியில் விழுந்துகொண்டிருந்த பறவையை இத்தனை ஆண்டும் அறியாதிருந்தோம்.

மகிழ்ச்சியுடன் மகளின் குறிப்பேட்டை வாங்கி, "மார்கழியில் கண்டதும் பிளைத் குருவியே" என்று திருத்தப் போனோம். அவள் கையால் பக்கத்தை மறைத்துக்கொண்டு, "இன்றைக்குப் பார்த்தது பிளைத் குருவி. அன்றைக்குப் பார்த்தது இதே பறவை என்று நமக்கு எப்படித் தெரியும் அப்பா?" என்று கேட்டாள். பெரியவர் சிரித்துவிட்டார். நம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. பழைய பக்கத்தில் நம் எழுத்தை அடித்து, அவள் எழுதியதற்குக் கீழே, "இதுவே சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். இன்றைய பறவைக்குப் புதுப் பக்கம் இட்டாள்.

ஒரு குருவிக்கு இத்துணை ஆரவாரமா என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. கொல்கத்தாவின் கிழக்கேயுள்ள இச்சதுப்பு ஏரிகள் ஏறக்குறைய 12,500 ஹெக்டேர் பரப்புள்ளவை. நகரத்தின் கழிவுநீரை ஏற்று, வெயிலாலும் பாசியாலும் தூய்மை செய்து, அதிலேயே மீனும் காய்கறியும் விளைத்து நம் சந்தைக்கு அனுப்புகின்றன. 1992-ல் உயர்நீதிமன்றம் இவற்றைத் தூர்க்கலாகாதென ஆணையிட்டது. 2002-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலைகளின் பட்டியலில் இடம்பெற்றன. 2006-ல் தனிச் சட்டமும் பிறந்தது. இருந்தும் மண் கொட்டும் வண்டிகள் வருவதை அவ்வழி செல்வோர் காண்கின்றனர். நாளை ஒரு கரையைக் காக்க வேண்டி ஒருவர் வாதாடும்போது, "இங்கு என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன?" என்ற கேள்வி எழும். அப்போது நம்மைப் போன்றோர் எழுதிய குறிப்புகளே சான்றாக நிற்கும். அவற்றுள் ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் ஒன்பது மெய்களும் தள்ளப்படும். பார்சல் பதிவேட்டிலும் இதுவே வழக்கு. ஒரு பதிவு பொய்யென்று தெரிந்தால் மேலதிகாரி முழுப் பக்கத்தையும் ஐயுறுவார்.

எழுத்தால் இத்துறைக்கு அழியாப் பணி செய்த தமிழர் ஒருவரை இங்கு நினைத்துக்கொள்கின்றோம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் மறையும் வரை, கொல்கத்தாவிலிருந்து வெளிவரும் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தாமே நின்று கண்டதை எழுதியவர் அவர். அவர் எழுதிய ஊரிலிருந்து எழுதும் நாம் காணாததை எழுதினோம் என்பது வெட்கத்துக்குரியது.

நம் சங்கத்துச் சிறுவர்கள் வரும் திங்கள் ஏரிக்கரைக்குச் செல்லவிருக்கின்றார்கள். பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுவே. ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொடுத்தனுப்புக. நாள், நேரம், இடம், பறவையின் பருமன், கோடு, குரல், அது செய்துகொண்டிருந்த தொழில் ஆகியவற்றைக் கண்டபடி எழுதச் சொல்லுக. பெயரைக் கடைசியில் எழுதலாம். பெயர் தெரியாவிடின் "தெரியவில்லை" என்று எழுதட்டும். வீடு திரும்பிய பின் அக்குறிப்பேட்டைப் படித்து மகிழ்க. பேனாவை மட்டும் கையில் எடுக்க வேண்டா.

சிறுவர்களின் குறிப்புகளை அடுத்த இதழில் அவர்கள் எழுதியபடியே வெளியிடுவோம்.